634-ஆம் இடத்தில் ஓர் எழுத்து: குடியாத்தம் குடும்பம் ஒன்றின் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் குடும்பம் ஒரே வீட்டாரின் கதை அன்று. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கக் குடும்பங்களில் வழக்கமாகக் காணக்கூடிய கூறுகளைப் பாடத்துக்காகச் சேர்த்துக் கட்டியது. நோயாளிகளின் அளவுகள் பாடத்துக்காக வைத்தவை. நோயின் இயல்பும் ஆய்வுக்கூட முறையும் உள்ளபடியே.

நோயாளி 38 வயதுப் பெண். குடியாத்தத்தில் பீடி சுற்றுபவர். கணவருக்கு 46 வயது. அவர் நோயாளியின் சொந்தத் தாய்மாமன். பிள்ளைகள் மூவர்: மகனுக்கு 15, பெரிய மகளுக்கு 11, சின்னவளுக்கு 4 வயது 2 மாதம். கழுத்தின் வலப்பக்கத்தில் எட்டு மாதமாகக் கட்டி, 2 செ.மீ. வலி இல்லை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் இயல்பு. வேறோர் இடத்தில் செய்த ஊசிப் பரிசோதனையில் 'ஃபாலிகுலர் வகைக் கட்டி, அறுவைக்குப் பின் உறுதி செய்க' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரமே பாதித் தைராய்டை எடுக்கத் தேதியும் குறித்தாயிற்று.

அந்தத் தேதியை நிறுத்தியது கட்டி அன்று, முதுகு. வலது தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, தடித்து, சொரசொரவென்றிருந்த ஒரு பட்டை. பத்து வருடமாக அரிப்பு. படை என்று சொல்லி எத்தனையோ களிம்பு பூசியாயிற்று. "எங்க அம்மாவுக்கும் இதே எடத்துலதான் கீது, பரம்பரைப் படை" என்றார். படை பரம்பரையாக, அதுவும் அதே இடத்தில், வருவதில்லை. அமிலாய்டு என்ற புரதம் தோலில் படியும் லைக்கன் அமிலாய்டோசிஸ் அப்படி வரும். கழுத்தில் கட்டியும் முதுகின் மேற்பகுதியில் இந்தப் பட்டையும் ஒரே ஆளிடம் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ரெட் மரபணுவின் 634-ஆம் இடம்.

நொதி எங்கே கெடுகிறது

ரெட் என்பது 10-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கும் மரபணு. அது செய்யும் புரதம் ஒரு நொதி, டைரோசின் கைனேஸ் வகை. செல்லின் தோலில் குத்திய ஊசி போல நிற்கும்: வெளியே ஒரு பகுதி, உள்ளே ஒரு பகுதி. வெளியிலிருந்து சேதி வரும்போது இரண்டு ரெட் புரதங்கள் ஜோடி சேரும். சேர்ந்ததும் உட்பகுதி விழித்து, டைரோசின் அமினோ அமிலங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும். அந்தப் பாஸ்பேட்தான் செல்லுக்கு 'பெருகு' என்ற கட்டளை. சேதி போனதும் ஜோடி பிரிய வேண்டும்.

வெளிப்பகுதியில் சிஸ்டீன்கள் நிறைந்த ஓர் இடம் உண்டு. அங்கே சிஸ்டீன்கள் தமக்குள் இரண்டிரண்டாகக் கந்தகப் பாலம் போட்டுப் புரதத்தை மடித்து வைத்திருக்கும். 634-ஆவது சிஸ்டீன் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் இணை தனித்து நிற்கும். தனித்த சிஸ்டீன் சும்மா இருக்காது. பக்கத்து ரெட் புரதத்தின் தனித்த சிஸ்டீனோடு பாலம் போட்டுக்கொள்ளும். சேதியே வராமல் இரண்டும் ஜோடி சேர்ந்து, பிரியாமலே நிற்கும். நொதியின் அளவு கூடவில்லை, வேதிவினை மாறவில்லை. நிறுத்தும் வழி மட்டும் போய்விட்டது. ரத்தத்தில் எந்த நொதியை அளந்தாலும் இந்தக் கோளாறு தெரியாது. மரபணுவின் எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

ரெட் விழித்திருக்கும் செல்கள் உடலில் சில இடங்களில்தான் உண்டு. தைராய்டில் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்கள், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி, தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு. ஆகவே 634 மாறியவர்களுக்கு, சி செல்களில் தோன்றும் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். பாதிப் பேருக்கு அட்ரினலில் ஃபியோக்ரோமோசைட்டோமா, அதாவது இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன்களைக் கொட்டும் கட்டி. ஐந்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ பாராதைராய்டு மிகை. இந்தக் கூட்டுக்கு மென் 2ஏ என்று பெயர். ரெட்தான் காரணம் என்பது 1993-இல் தெரிந்தது.

வியர்வையும் தலைவலியும்

ஏப்ரல், மே மாதத்து வேலூரில் 'வியர்க்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. 40 டிகிரியில் ஊரே வியர்க்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வியர்த்து, முகம் வெளிறி, நெஞ்சு படபடத்து, பத்து இருபது நிமிடத்தில் தானாகவே அடங்குகிறதா? நோயாளிக்கு வாரத்தில் மூன்று நான்கு தடவை. "தலைவலி வந்துட்டா கண்ணு கட்டிக்கினு வரும், அப்பறம் ஒன்னும் இல்லாத மாதிரி போயிடும்." ஒரு நாள் இரத்த அழுத்தம் 168/104, மறுநாள் 112/70. படபடப்புக்கு எங்கோ புரோப்ரனலால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபியோக்ரோமோசைட்டோமா இருப்பவருக்கு ஆல்பா தடுப்பு இல்லாமல் பீட்டா தடுப்பை மட்டும் கொடுப்பது ஆபத்து. ரத்தக் குழாய்களை விரிக்கும் வழி அடைபடும், சுருக்கும் வழி திறந்தே இருக்கும், அழுத்தம் எகிறும். அந்த மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது.

24 மணி நேரச் சிறுநீரில், அந்த ஹார்மோன்கள் சிதைந்து வரும் மெட்டாநெஃப்ரின் பார்க்கப்பட்டது. முதல் முறை மேல்வரம்பைச் சற்றே தாண்டி நின்றது. 'லேசாகக் கூடுதல், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்று எழுதிவிடக்கூடிய எண். ஆனால் அதே கேனில் கிரியாட்டினின் 410 மி.கி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளில் 800 முதல் 1,100 மி.கி. வரை வர வேண்டும். பாதிக்குமேல் கேனுக்கு வரவே இல்லை. கேட்டதில், அன்று பீடி ஒப்படைக்கும் நாள். காலையில் கடைக்குப் போய் மதியம் திரும்பும்வரை இரண்டு முறை வெளியில். மறுபடி ஞாயிற்றுக்கிழமை செய்யச் சொல்லி, முறையும் சொல்லப்பட்டது: காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் சேர்க்கக்கூடாது, நேரத்தைக் குறிக்க வேண்டும், அதன்பின் எல்லாம் சேர்க்க வேண்டும், மறுநாள் அதே நேரத்தில் போவதைச் சேர்த்து முடிக்க வேண்டும். கேனின் அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. நேரே அதில் போகக்கூடாது, வேறு பாத்திரத்தில் பிடித்து மெல்ல ஊற்ற வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது கேனில் கிரியாட்டினின் 960, மெட்டாநெஃப்ரின் மேல்வரம்பைப் போல இரண்டரை மடங்கு. சிடி ஸ்கேனில் இடது அட்ரினலில் 3.5 செ.மீ. கட்டி.

குறித்த தேதியில் தைராய்டு அறுவைக்குப் போயிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போதே அழுத்தம் கட்டுக்கடங்காமல் போயிருக்கலாம். இதில்தான் குடும்பத்தின் இன்னொரு பழைய சேதி பொருந்தியது. நோயாளியின் தாத்தா, கணவருக்கு அப்பா, முப்பது வருடத்துக்கு முன் குடலிறக்க அறுவைக்குப் படுத்தவர், மேசையிலேயே இறந்தார். வீட்டில் அதற்கு இரண்டே சொல்: "ஊசி ஒத்துக்கல." குடும்ப மரம் வரையும்போது இந்த மாதிரிச் சொல் வந்தால் அடிக்கோடு போட வேண்டும். சின்ன அறுவையில், பிரசவத்தில், பல் பிடுங்குகையில் திடீர் மரணம் என்றால் அட்ரினலை நினைக்க வேண்டும்.

கால்சிடோனின்: மாதிரியின் பயணம்

கால்சிடோனின் அறை வெப்பத்தில் சிதையும். வேலூர் அறை வெப்பத்தில் சீக்கிரமே சிதையும். ரத்தம் எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, சீரத்தைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். குடியாத்தத்தில் காலையில் எடுத்து, பஸ்ஸில் மதியம் வந்து சேர்ந்த குழாயின் எண்ணை நம்பக்கூடாது. அது குறைவாகத்தான் காட்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மிக மிக அதிகமாக இருக்கும்போது சில கிட்டுகள் திணறிக் குறைத்துக் காட்டும். கட்டி பெரிதாக இருந்து எண் சின்னதாக வந்தால் சீரத்தை நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும்.

நோயாளிக்கு 1,400 பிகோகிராம்/மி.லி. 500-க்கு மேல் போனால் கழுத்தோடு நிற்காமல் மார்பு, கல்லீரல் எல்லாம் பார்க்க வேண்டும். பார்த்ததில் பரவல் இல்லை. பழைய ஊசிப் பரிசோதனையின் கண்ணாடிச் சில்லுகளை மீண்டும் பார்த்தபோது செல்கள் ஒட்டாமல் உதிரியாக, கரு ஓரத்தில் ஒதுங்கி இருந்தன. கால்சிடோனின் சாயம் பிடித்தது. மெடுல்லரி வகையை ஊசிப் பரிசோதனை தவறவிடுவது அரிதல்ல. சந்தேகம் இருந்தால் ஊசியைக் கழுவிய நீரிலேயே கால்சிடோனின் பார்த்துவிடலாம்.

கணவருக்கும் கால்சிடோனின் பார்த்தார்கள். 16. மேல்வரம்பு 10. வீடு கலங்கிவிட்டது. அவர் இரண்டு வருடமாகத் தினமும் காலையில் 'கேஸ் மாத்திரை' போடுகிறவர், பான்டோபிரசோல். அமிலத்தை அடக்கினால் வயிற்றின் காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறும். காஸ்ட்ரின் சி செல்களைத் தூண்டும். மாத்திரையை நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது 5. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இப்படி ஏறும். தைராய்டு கட்டிக்காகக் கால்சிடோனின் எழுதும்போது மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது நல்லது.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா

குடும்பத்தில் முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். தாய்மாமனைக் கட்டியதால்தான் எல்லாம். நோயாளியே சொன்னார்: "மாமனையே கட்டிக்கினு வந்தேன், அதான் வினை." கணவரின் தம்பி, நோயாளிக்குச் சின்ன மாமா, 42 வயது, ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை, அசலில் பெண் எடுத்தவர். அவருக்கும் அவர் பிள்ளைக்கும் பரிசோதனை எதற்கு என்று கேட்டார். "நாங்க சொந்தத்துல கட்டலயே."

இந்த இடத்தில் இரண்டு வகை மரபைப் பிரிக்க வேண்டும். சொந்தத்தில் கட்டுவதால் வெளிப்படும் நோய்களுக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு கெட்ட பிரதி வேண்டும். தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட எந்த ஒரு மரபணு இடத்திலும் இரண்டும் ஒரே முன்னோரிடமிருந்து வந்த அதே பிரதியாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. ரெட் அப்படி அல்ல. ஒரு பிரதி கெட்டாலே போதும். பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெண் எங்கிருந்து வந்தாலும் சரி. நோயாளிக்கு நோய் வந்தது கல்யாணத்தால் அன்று. அவர் பிறந்தபோதே இருந்தது.

ஆனாலும் சொந்தக் கல்யாணம் இந்த மரத்தில் ஒரு கணக்கை மாற்றுகிறது, குடும்பம் நினைத்த வகையில் அல்ல. நோயாளியின் அம்மாவும் கணவரும் உடன்பிறந்தவர்கள். மாற்றம் அம்மா வழி வந்திருந்தால் கணவருக்கும் பாதி வாய்ப்பு உண்டு. அவருக்கும் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு பிரதி வர 75 விழுக்காடு, இரண்டு பிரதியும் வர 25 விழுக்காடு. கணவருக்கு இல்லையென்றால் 50. ஆகவே வழக்கமாகப் பரிசோதிக்காத ஆளான கணவரை இங்கே முன்வரிசையில் பரிசோதிக்க வேண்டும். சின்ன மாமாவுக்கும் அதே பாதி வாய்ப்பு. அவர் எங்கே பெண் எடுத்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மரபணு படித்த முறை

3 மி.லி. ரத்தம், ஊதா மூடிக் குழாய், அதாவது ஈடிடிஏ. பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓடாது, ஹெப்பாரின் அதைத் தடுக்கும். 4 டிகிரியில் சில நாள் தாங்கும். உறைய வைக்கத் தேவையில்லை.

மரபணுவில் புரதத்துக்கான எழுத்துகள் இருக்கும் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். நோயாளிக்கு ரெட்டின் 8, 10, 11, 13, 14, 15, 16 ஆகிய எக்ஸான்கள் படிக்கப்பட்டன. பெருக்கும் கலவை 25 மைக்ரோ லிட்டர்: டிஎன்ஏ 50 நானோகிராம், பெருக்கலைத் தொடங்கி வைக்கும் குறுந்துண்டான பிரைமர் ஒவ்வொன்றும் 10 பிகோமோல், புது இழைக்கு எழுத்துகளாகும் டிஎன்டிபி ஒவ்வொன்றும் 0.2 மில்லிமோலார், டிஎம்எஸ்ஓ 5 விழுக்காடு. ரெட்டில் ஜி, சி எழுத்துகள் அடர்த்தி. டிஎம்எஸ்ஓ இல்லாமல் சில எக்ஸான்கள் மங்கலாகத்தான் வரும். 95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 95, 60, 72 டிகிரிகளில் முப்பது முப்பது விநாடியாக 35 சுற்று. கடைசியில் 72-இல் 7 நிமிடம். டிஎன்ஏ போடாத ஒரு குழாய் கட்டாயம் கூடவே ஓட வேண்டும். 2 விழுக்காடு அகரோஸ் ஜெல்லில் அந்தக் குழாயிலும் கோடு தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு.

பெருக்கிய துண்டின் எழுத்துகளைக் கருவி நிறக் கூம்புகளாக வரைந்து தரும். 11-ஆம் எக்ஸானின் வரைபடத்தில் 1900-ஆவது எழுத்து. முன்னும் பின்னும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே கூம்பு, ஒரே நிறம், சீரான உயரம். அங்கே மட்டும் சிவப்புக் கூம்பும் நீலக் கூம்பும் ஒன்றன்மேல் ஒன்று, ஒவ்வொன்றும் பக்கத்துக் கூம்பின் பாதி உயரம். சிவப்பு டி, நீலம் சி. ஒரு பிரதியில் டி-ஜி-சி, சிஸ்டீன். மற்றதில் சி-ஜி-சி, ஆர்ஜினின். எதிர் இழையைப் படித்தபோது அதே இடத்தில் பச்சையும் கறுப்பும். இரண்டு இழையிலும் ஒத்துவந்தால்தான் அறிக்கை.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதே எக்ஸானில் 691-ஆம் இடம். அங்கே கிளைசினுக்குப் பதில் செரின் வருவது ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படும் வேறுபாடு. அதைப் 'புற்றுநோய் மாற்றம்' என்று எழுதிவிடக்கூடாது. 769, 904 இடங்களிலும் அப்படி எழுத்து மாறும். அமினோ அமிலமே மாறாது. ஆனால் 691 ஒரு விதத்தில் கைகொடுக்கும். பரிசோதனையில் 'மாற்றம் இல்லை' என்று வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: உண்மையிலேயே இல்லை, அல்லது பிரைமர் ஒட்டும் இடத்திலேயே ஓர் எழுத்து மாறியிருந்து, கெட்ட பிரதி பெருகவே இல்லை. இரண்டுக்கும் வரைபடம் ஒன்று போலவே இருக்கும். 691-இல் இரட்டைக் கூம்பு தெரிந்தால் இரண்டு பிரதியும் பெருகியிருக்கின்றன என்று நிம்மதி. கணவரின் வரைபடத்தில் 634 இயல்பு, ஆனால் துண்டு முழுவதும் எங்குமே இரட்டைக் கூம்பு இல்லை. அதை வைத்து 'இல்லை' என்று எழுதாமல், வேறு இடத்தில் ஒட்டும் இன்னொரு பிரைமர் ஜோடியால் மறுபடி படித்தார்கள். மறுபடியும் இயல்பு. அதன்பிறகே அறிக்கை: கணவருக்கு இல்லை.

உறவினர்களுக்கு எல்லா எக்ஸானும் படிக்க வேண்டியதில்லை. குடும்பத்தின் எழுத்து தெரிந்துவிட்டது. 11-ஆம் எக்ஸானின் அந்த ஒரு துண்டு போதும். செலவும் அந்த அளவுக்குக் குறையும்.

நோயாளியின் அம்மாவுக்கு 57 வயது. மாற்றம் உண்டு. பல வருடமாகக் கழுத்தில் கட்டி. கரையும் என்று தைராக்ஸின் போட்டுக்கொண்டிருந்தார். அடிக்கடி வயிற்றுப்போக்கு, அது சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் அன்று, கால்சிடோனின் மிகுந்ததால். ஆயாவுக்கு 73 வயது, மாற்றம் இல்லை. சின்ன மாமா மூன்று மாத இழுபறிக்குப் பிறகு ரத்தம் கொடுத்தார்: உண்டு. இந்த மூன்று விடைகளை வைத்து இறந்துபோன தாத்தாவின் மரபணுவையும் படித்துவிடலாம். ஆயாவுக்கு இல்லை, பிள்ளைகள் இருவருக்கு உண்டு என்றால் வந்த வழி தாத்தா. மேசையில் போன உயிருக்கும் காரணம் அட்ரினலாக இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

ஒரே பெயரில் இரண்டு பையன்கள்

பிள்ளைகளின் முதல் சுற்று அறிக்கை: நோயாளியின் மகனுக்கு உண்டு, மகள்கள் இருவருக்கும் உண்டு, சின்ன மாமாவின் மகனுக்கு, 13 வயது, இல்லை. எல்லாரும் எதிர்பார்த்த விடை. சொந்தத்தில் கட்டிய வீட்டில் மூன்றுக்கு மூன்று, அசலில் கட்டிய வீட்டில் ஒன்றுமில்லை. மரபியல்படியும் இதில் இடறல் எதுவும் இல்லை; பாதிக்குப் பாதி வாய்ப்பில் இப்படியும் விழலாம். சந்தேகப்பட யாருக்கும் காரணம் இல்லை.

காப்பாற்றியது ஒரு விதி மட்டுமே: பிள்ளைகளின் எந்த அறிக்கையும், உண்டு என்றாலும் இல்லை என்றாலும், தனியாக வேறொரு நாள் எடுத்த இரண்டாவது ரத்தத்தில் ஒத்துவராமல் வெளியே போகக்கூடாது. இரண்டாவது சுற்றில் நோயாளியின் மகனுக்கு இல்லை. சின்ன மாமாவின் மகனுக்கு உண்டு. தலைகீழ். தேடினால், இரண்டு பையன்களுக்கும் தாத்தாவின் பெயர். அப்பாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றாலும் அவர்கள் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. ஆக இன்ஷியலும் அதே. வயது இரண்டு வருட வித்தியாசம். பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது எழுதியது, இருவருக்கும் ஜூன் 1. ஒரே நாளில், ஒரே வேனில் வந்து, அடுத்தடுத்து உட்கார்ந்து ரத்தம் கொடுத்தவர்கள். மூன்றாவது முறை, குழாயில் பெயரே எழுதாமல் குடும்ப மரத்தின் எண்ணையும் அம்மாவின் பெயரையும் ஒட்டி எடுத்தார்கள். இரண்டாவது சுற்றே சரி.

தவறு வெளியே போயிருந்தால், நோயில்லாத பையனின் தைராய்டு போயிருக்கும். நோயுள்ள பையன் 'உனக்கில்லை' என்ற தாளோடு ஆம்பூருக்குப் போயிருப்பான். நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். குடும்பமாகப் பரிசோதிக்கும் எந்த ஆய்வுக்கூடமும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் வைத்து ஆளைப் பிரித்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது.

அறுவையின் வரிசை

முதலில் அட்ரினல், பிறகுதான் கழுத்து. நோயாளிக்கு ஆல்பா தடுப்பு மருந்தான பிராசோசின் இரவில் 1 மி.கி. என்று தொடங்கியது. முதல் மாத்திரை போட்டதும் எழுந்து நடந்தால் மயங்கி விழலாம். படுக்கையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டு படுத்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றி, உட்கார்ந்த நிலையில் 130/80-க்குள், நின்றால் மேல் அழுத்தம் 90-க்குக் குறையாமல் வரும்வரை. மூக்கடைப்பு வந்தது, மருந்து பிடிக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். கூடவே உப்பும் நீரும் தாராளமாக. பிரஷர்காரர் உப்பைக் குறைக்க வேண்டும் என்று வீட்டில் உப்பில்லாக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அது தலைகீழ், ரத்தக் குழாய் விரியும்போது நிரப்ப நீர் வேண்டும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி இவர்களுக்கு ஆகாது என்று கோப்பின் முகப்பிலேயே சிவப்பில் எழுதப்பட்டது.

இடது அட்ரினல் லேப்ராஸ்கோப்பியில் எடுத்து ஆறு வாரம் கழித்து, முழுத் தைராய்டும் கழுத்தின் நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களும் எடுக்கப்பட்டன. கட்டி இரண்டு பக்கமும் இருந்தது. பரம்பரை வகையில் அதுவே வழக்கம்; பாதித் தைராய்டு எடுத்திருந்தால் மறுபாதிக்கு மறுபடி மேசை ஏற வேண்டியிருந்திருக்கும். அறுவைக்குப் பின் கதிரியக்க அயோடின் கிடையாது. சி செல்கள் அயோடினை உறிஞ்சா. தைராக்ஸின் இழப்பை ஈடுகட்ட மட்டுமே, கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கில். தைராய்டு புற்றில் பரவலாக வரும் பாப்பில்லரி வகைக்குச் செய்வதுபோல் டிஎஸ்ஹெச்சை அழுத்திப் பிடிக்க அளவைக் கூட்டுவது வீண், இதயத்துக்கும் எலும்புக்கும்தான் கேடு. மூன்று மாதத்தில் கால்சிடோனின் 4. அம்மாவுக்கு அறுவைக்கு முன் 6,200, பின் 210. அவருக்கு இனி எண்ணைவிட அது இரட்டிப்பாகும் காலம்தான் முக்கியம். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் கவலை, இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தால் காத்திருக்கலாம். பரவினால் ரெட் நொதியையே குறிவைத்து அடக்கும் செல்பர்காடினிப் 2020 முதல் இருக்கிறது. எழுத்து தெரிந்திருப்பதால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

634-க்கு, பிள்ளைகளின் தைராய்டை ஐந்து வயதிலோ அதற்கு முன்போ எடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 நெறி. சின்னவளுக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. இந்த வயதில் பாராதைராய்டு அரிசி மணியைவிடச் சிறிது, கண்ணாடி போல் தெரியாமல் கிடக்கும். அதைத் தவறி எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கால்சியம் மாத்திரை. எனவே குழந்தைகளின் தைராய்டை அடிக்கடி எடுக்கும் கையிடம்தான் போக வேண்டும், பக்கம் என்பதற்காக வேறிடம் போகக்கூடாது. பெரியவளுக்கு 11 வயது, கால்சிடோனின் 38; அவளுக்கு மெட்டாநெஃப்ரினும் பார்த்த பிறகே தேதி. 634-க்கு 11 வயதிலிருந்து வருடா வருடம் அதைப் பார்க்க வேண்டும்.

'ரத்த நொதியும் தைராய்டு புற்றுநோயும்' என்ற செய்திகள்

சின்ன மாமா ஒரு கட்டத்தில் கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினார்: மரபணுத் தரவு ஆய்வில் ஏதோ ஒரு நொதி தைராய்டு புற்றுநோயோடு தொடர்புடையதாம், அந்த நொதியைப் பார்த்தால் போதாதா? இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாக.

அந்த வகை ஆய்வுக்கு மெண்டலிய சீரற்றமைப்பு என்று பெயர். ஒருவரின் நொதி அளவை நேரே புற்றுநோயோடு ஒப்பிட்டால் வயது, உணவு, மருந்து எல்லாம் குழப்பும். எனவே நொதி அளவைச் சற்றே ஏற்றும் இறக்கும் பொதுவான மரபணு வேறுபாடுகளை எடுத்து, அவை உள்ளவர்களுக்குப் புற்றுநோய் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறக்கும்போதே சீட்டுப் போட்டது போல் விழுவதால் அது இயற்கையே செய்த சோதனை. நொதி அளவுக்கான தரவு ஐஸ்லாந்தில் 35,559 பேரிடம் (2021), பிரிட்டனின் பயோபேங்கில் 54,219 பேரிடம் (2023) எடுத்தவை. எடுக்கும் வேறுபாடு தற்செயலாகத் தெரிந்திருக்க இரண்டு கோடியில் ஒன்றைவிடக் குறைந்த வாய்ப்புள்ளதாக, ஒன்றோடொன்று ஒட்டிப் பயணிக்காததாக, அதன் வலிமையைக் காட்டும் எஃப் மதிப்பு 10-க்கு மேலானதாக இருக்க வேண்டும். நொதியின் சொந்த மரபணுவுக்குப் பக்கத்தில் இருப்பதையே நம்பலாம்.

கணக்குக்காக எண் வைத்துப் பார்ப்போம். ஒரு வேறுபாடு நொதியை 0.40 அலகு ஏற்றுகிறது. அதே வேறுபாடு புற்றுநோயின் மடக்கை வாய்ப்பை 0.06 ஏற்றுகிறது, பிழை 0.05. 0.06-ஐ 0.40-ஆல் வகுத்தால் 0.15, அதாவது ஓர் அலகு நொதிக்கு வாய்ப்பு 1.16 மடங்கு. பிழையையும் வகுத்தால் உண்மை 0.91-க்கும் 1.48-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். செய்தியில் 1.16 வரும், மற்றது வராது. இன்னொரு பொறி: நொதியை அளக்கும் எதிர்ப்புப் பொருள் ஒட்டும் இடத்திலேயே வேறுபாடு இருந்தால், நொதி குறையாமலே குறைந்ததாகக் காட்டும். 9-ஆம் குரோமோசோமில் ஃபாக்ஸ்இ1 அருகே உள்ளவை போன்ற வேறுபாடுகள் தைராய்டின் வளர்ச்சியையே பாதிப்பதால் நொதி வழியாக அல்லாமல் நேராகவும் புற்றுநோயைத் தொடும். இந்த முறை நல்ல விடை தந்ததும் உண்டு: பிறவியிலேயே டிஎஸ்ஹெச் குறைவாக இருக்கும் போக்குள்ளவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கூடுதல் என்று 2020-இல் தெரிந்தது, பலரும் நினைத்ததற்கு நேர் எதிர்.

ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அதில் எதுவும் இல்லை. அந்தத் தரவுகளில் 'தைராய்டு புற்றுநோய்' என்பது பெரும்பாலும் பாப்பில்லரி வகை. மெடுல்லரி நூற்றில் சில. அதற்குள் மென் 2ஏ இன்னும் சிறிது. ஆட்களும் பெரும்பாலும் ஐரோப்பியர். அங்கே பேசுவது ஓர் ஊரின் சராசரியை 1.16 மடங்கு நகர்த்துவதைப் பற்றி. இங்கே ஒற்றை எழுத்து, பிள்ளைக்குப் போனால் நோய் ஏறக்குறைய நிச்சயம்.

இன்றைய நிலை

சின்னவளுக்கு அறுவை நான்கு வயது ஒன்பதாம் மாதத்தில் முடிந்தது. எடுத்த தைராய்டில் சி செல்கள் பெருகத் தொடங்கியிருந்தன, புற்று இல்லை. மூன்றாம் நாள் விரல் நுனி மரத்தது. கால்சியமும், வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரையாலும் ஐந்து வாரம் கொடுத்து நிறுத்தியாயிற்று. பெரியவளுக்கு 3 மி.மீ. புற்று, கணுவில் இல்லை. ஆம்பூர்ப் பையனுக்குக் கால்சிடோனின் 61. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தேதி. சின்ன மாமாவுக்கு இரண்டு அட்ரினலும் இப்போதைக்குச் சுத்தம், கழுத்தில் 8 மி.மீ. கட்டி. நோயாளியின் மகனுக்கு இனி எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, அவன் பிள்ளைகளுக்கும்.

பாக்கி இருப்பது தாத்தாவின் உடன்பிறந்தவர்கள். ஒரு தங்கை பேரணாம்பட்டில், இரண்டு தம்பிகள் எல்லை தாண்டிப் பலமநேரில். உறவில் போக்குவரத்து நின்று இருபது வருடம். அவர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு கடிதம் ஆயாவின் பெயரில் போயிருக்கிறது. அதில் மூன்று கேள்வி: கழுத்தில் கட்டி யாருக்காவது உண்டா, முதுகில் ஆறாத அரிப்பு உண்டா, ஊசி ஒத்துக்காமல் இறந்தவர் உண்டா. பேரணாம்பட்டிலிருந்து மட்டும் பதில் வந்தது: இரண்டாவதற்கு, ஆம்.